வேலியை எழுதியவர் வீட்டாரை எழுத மறந்தார்!

ஆட்சி நாற்காலியில் அமர்ந்து எழுந்தவர்கள் தம் தவற்றை ஒப்புக்கொள்வது அரிது. பேரரசின் பெயரால் ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டத்தின் வடிவைப் பரிந்துரைத்து, பின்னர் அதே நாட்டில் ஐந்தாண்டு மன்னரின் பிரதிநிதியாகவும் வீற்றிருந்து, மாலைகளும் வாழ்த்து மடல்களும் பெற்றுத் தாயகம் திரும்பிவிட்ட ஒரு பிரபு, நாங்கள் வகுத்ததில் ஒரு குறை இருந்தது என்று அச்சிலே எழுத முன்வந்தார் என்றால், அதை நாம் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்கத்தானே வேண்டும்?

ஆண்டு 1963. பார்மர் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், இலங்கையைப் 'பிளவுபட்ட நாடு' என்று தலைப்பிலேயே பெயரிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் சோல்பரி பிரபு. பின்னால் நடந்தவற்றைப் பார்க்கையில், இந்தியா, பாகிஸ்தான், மலேயா, நைஜீரியா போன்ற நாடுகளின் அரசியல் சட்டங்களில் இருப்பதைப் போல அடிப்படை உரிமைகளுக்கான உறுதிகளை இலங்கையின் சட்டத்திலும் பதித்துவைக்கப் பரிந்துரைக்காமல் போனது வருந்தத்தக்கது என்ற பொருள்பட அம்முன்னுரையில் எழுதினார். 1945-இல் அறிக்கை, 1963-இல் வருத்தம். இடையிலே பதினெட்டு ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்துவிடும் காலம்.

பிரபுவின் வருத்தத்தை மெச்சுவோர் உண்டு. வெள்ளைக்காரனுக்கு இருக்கும் நேர்மையைப் பாரீர் என்று வியப்போரும் உண்டு. நமக்கோ வேறொரு ஐயம். பிரபு வருந்தினார், சரி. வருந்த வேண்டியதற்குத்தான் வருந்தினாரா? ஆய்ந்து பார்த்தால், இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

யார் இந்தச் சோல்பரி? இயற்பெயர் ஹெர்வால்டு ராம்ஸ்போதம். பழமைக் கட்சிக்காரர். 1929 முதல் 1941 வரை லங்காஸ்டர் தொகுதியின் உறுப்பினராகப் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் இருந்தவர். விவசாய இலாகாவையும் கல்வி இலாகாவையும் பார்த்த மந்திரி. 1941-இல் பிரபுப் பட்டம் பெற்று மேல்சபைக்குப் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் வீடு வீடாய் ஏறி இறங்கி வாக்குக் கேட்டு வென்றவர் என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வாக்குச் சீட்டின் அருமை தெரியாத பிறவிப் பிரபு அல்லர் அவர்.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் மூவர் குழு கொழும்பில் வந்து இறங்கியது. தலைவர் சோல்பரி. மற்றவர் ரீஸ் என்னும் கல்வியாளர். மூன்றாமவர் பிரெடெரிக் பர்ரோஸ், இரயில்வேத் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர். பின்னாளில் வங்காளத்தின் கடைசி ஆங்கில கவர்னராகி, 1946-ஆம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரத்தை மாளிகையிலிருந்து பார்த்தவரும் இவரே. தொழிலாளி ஒருவர் குழுவில் இருந்தும் தோட்டத் தொழிலாளிக்கு விடிவு வரவில்லை என்பதை இங்கேயே குறித்து வைப்போம்.

குழுவின் முன் வெளிப்படையாக வந்து சாட்சியம் தர டி. எஸ். சேனநாயகாவின் மந்திரிசபை மறுத்தது. மேடையில் புறக்கணிப்பு, விருந்தில் உரையாடல்! மந்திரிகள் ஏற்கெனவே ஐவர் ஜென்னிங்ஸ் என்னும் சட்ட அறிஞரின் துணையோடு ஒரு நகலைத் தயாரித்து வைத்திருந்தனர். குழு கடைசியில் பெரும்பாலும் அந்த நகலையே தழுவி அறிக்கை எழுதியது. பொதுவிலே பேசாமலிருந்தவர்கள் கேட்டதெல்லாம் பெற்றனர். பொதுவிலே மணிக்கணக்கில் பேசியவர் வெறுங்கையோடு திரும்பினார். அவர் ஜி. ஜி. பொன்னம்பலம். அவர் கேட்டது ஐம்பதுக்கு ஐம்பது: சட்டசபையில் பாதி இடம் சிங்களர்க்கு, மறுபாதி ஏனைய எல்லாச் சிறுபான்மையினர்க்கும்.

மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கினராக இருந்தவர்களைப் பாதி இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றால் எந்தக் குழு ஏற்கும்? அதைத் தள்ளியதற்காக நாம் சோல்பரி மீது குற்றம் சாட்ட மாட்டோம். கணக்கும் பலவீனம், கணக்குப் போட்டவரின் கரிசனமும் பலவீனம். மலையகத் தோட்டங்களிலே கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான தமிழர்கள் பொன்னம்பலத்தின் வாதத்தில் கூட்டல் கணக்குக்கு வந்தார்களே தவிர, மனிதர்களாக வந்தார்களா என்பது ஐயமே. 1948-இல் அவர்களின் குடியுரிமை பறிபோன ஆண்டிலேயே அவர் சேனநாயகாவின் மந்திரிசபையில் அமர்ந்தார் என்னும் செய்தி அந்த ஐயத்துக்கு விடை சொல்கிறது.

பொன்னம்பலம் கேட்டதைத் தள்ளிய குழு, சிறுபான்மையினரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. ஒரு வேலி தந்தது. அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. ஒரு சமூகத்தாருக்கோ ஒரு மதத்தாருக்கோ பிறர்க்கு இல்லாத தடையையோ தகுதியிழப்பையோ விதிக்கும் சட்டத்தையும், பிறர்க்கு இல்லாத சலுகையை வழங்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது. இயற்றினால் அது செல்லாது. படிக்கும்போது எவ்வளவு இனிமை! இந்த வேலியும் மந்திரிகளின் நகலிலேயே இருந்ததுதான். திருடனிடமிருந்தே பூட்டு வாங்கி மாட்டினார் என்று சொன்னால் கடுமையாகிவிடும். ஆனால் பூட்டைச் செய்தவர்களுக்குச் சாவியின் வடிவமும் தெரியுமன்றோ?

வேலி எப்படித் தாண்டப்பட்டது என்று சொல்லுமுன், யாரைக் காக்க வேண்டிய வேலி அது என்று சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகவும், காப்பியை நோய் தின்ற பிறகு தேயிலைக்காகவும், தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றினான் கங்காணி. திருச்சி, இராமநாதபுரம், மதுரை, தஞ்சை, ஆர்க்காடு, சேலம். ஆம், பழைய சேலம் மாவட்டம். நம் இராயக்கோட்டையும் ஓசூரும் கிருட்டிணகிரியும் அடங்கியிருந்த அதே சேலம். மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டு, தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலையேறினர். வழியிலே மாண்டவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. போனவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து போனவர்கள். பஞ்சம் ஒரு பக்கம் துரத்தியது. சாதி மறுபக்கம் துரத்தியது. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் நீர் எடுக்க உரிமையற்றவனுக்குக் கடலைத் தாண்டுவதா பெரிய துணிச்சல்? அங்கே போயும் லயத்து அறையின் பத்தடிச் சுவர்களுக்குள் வாழ்க்கை, விடியலில் பெரட்டுக்களம், தலைக்கு மேலே கங்காணி, அவனுக்கும் மேலே துரை. யாழ்ப்பாணத்து மேல்சாதிக் கனவான்களுக்கோ இவர்கள் கூலிகள். மொழி ஒன்று, பந்தி வேறு. 1932-இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் பெரியார் அத்தீவில் இறங்கிப் பேசினார். தமிழன் போன இடமெல்லாம் சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்பதை அங்கே எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருந்திராது.

ஆனாலும் அம்மக்களுக்கு ஒன்று கிடைத்திருந்தது. 1931-இல் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே முன்னோடி! இங்கிலாந்திலேயே ஆணுக்கு நிகரான வாக்குப் பெண்ணுக்கு வந்து அப்போது மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. குடியிருப்புக் காலம் முதலிய நிபந்தனைகளோடு என்றாலும், தோட்டத் தொழிலாளர்களில் பெருந்தொகையினர் வாக்காளர் ஆயினர். இந்தியாவின் குடியானவனும் கூலியும் வாக்களிக்க 1951, 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கை மலையகத்தில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணோ அதற்கு முன்பே வாக்களித்துவிட்டாள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். இன்னும் பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கு விழுந்தன. சிவப்புக் கொடியும் தமிழ் வாக்கும் ஒன்று சேர்வதைக் கண்டு சேனநாயகாவின் தூக்கம் கெட்டது. அதற்குப் பின் நடந்ததற்கு இனவெறியே முழுக் காரணம் என்று எண்ணுவோர் வர்க்கக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அச்சட்டங்களை எதிர்த்து வாதாடியவர்களில் என். எம். பெரேரா, பீட்டர் கெனமன், கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் இருந்தனர். அவர்கள் தமிழர் அல்லர்.

1948 பிப்ரவரி 4-இல் விடுதலை. அவ்வாண்டு முடிவதற்குள் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்திலே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று ஏது? பாட்டன் பிறந்த நாளைப் பதிவு செய்தது யார், கங்காணியின் பற்றுக் கணக்கா? அடுத்து 1949-இல் 3-ஆம் எண் சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பம் போடலாம், மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடைவிடாமல் குடியிருந்ததைக் காட்ட வேண்டும், இரண்டே ஆண்டில் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து குடியுரிமை கொடுத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோர்க்கு. அதே 1949-இல் 48-ஆம் எண் தேர்தல் திருத்தச் சட்டம்: குடிமகன் அல்லாதவனுக்கு வாக்கில்லை.

மூன்று சட்டங்கள். முதலாவது ஆளை அந்நியன் ஆக்கிற்று. இரண்டாவது வாசலில் வரிசை கட்ட வைத்தது. மூன்றாவது கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிற்று. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. வாக்காளர் இல்லாத கட்சிக்கு இடம் எங்கிருந்து வரும்? அந்தத் தேர்தல் நடக்கையில் கொழும்பு மாளிகையில் மகாதேசாதிபதியாக அமர்ந்திருந்தவர் வேறு யாருமல்லர். 1949 ஜூலையில் பொறுப்பேற்ற சோல்பரி பிரபுவே! தாம் நட்ட வேலிக்குள் ஆடு மேய்வதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைவிடக் கொடிய ஒரு கணக்கும் உண்டு, பலர் கவனிக்காதது. சோல்பரிச் சட்டப்படி தொகுதிகள் பிரிக்கப்படுவது 75,000 மக்களுக்கு ஒன்று. அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று கூடுதல். மக்கள் கூட்டம் குறைந்த பகுதிகளுக்கு, அதன் வழியே சிறுபான்மையினர்க்கும், நீதி செய்யவே இந்த ஏற்பாடு என்றார்கள். ஆனால் எண்ணப்படுவது வாக்காளரின் தலையா, மக்களின் தலையா? மக்களின் தலை! தோட்டத் தமிழன் தொகுதிக் கணக்குக்குத் தலை. வாக்குப் பெட்டிக்கு முண்டம். அவன் தலையைக் காட்டிப் பெற்ற இடத்துக்கு அவனைச் சுற்றியிருந்த கண்டிப் பகுதிச் சிங்கள வாக்காளர்கள் மட்டும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். 1787-இல் வகுத்த அமெரிக்க அரசியல் சட்டத்தில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அந்த எண்ணிக்கையில் கிடைத்த இடங்களை எசமானர்கள் அனுபவித்தார்கள் என்று படித்திருக்கிறோம். இங்கே பின்னமும் இல்லை, முழுத் தலை! பிரபு இதற்கு வருந்தியதாக அந்த முன்னுரையில் நமக்குத் தெரியவில்லை.

29-ஆம் பிரிவு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்டார்கள், நீதிமன்றத்திலேயே கேட்டார்கள். கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினார். குடிமகன் என்று காட்டவில்லை என்று பதிவதிகாரி மறுத்தார். மறு ஆய்வு அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் 29-ஆம் பிரிவுக்கு முரணானவை, செல்லாதவை என்று தீர்ப்பெழுதினார். ஒரு கீழ்நிலை அதிகாரி நாட்டின் சட்டத்தை நிமிர்ந்து பார்த்துச் செல்லாது என்றார்! அவருக்கு ஒரு சிலை இருந்தால் தகும். பெயரே பலருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953-இல் தீர்ப்பு: தன் குடிகள் யார் என்று வரையறுப்பது ஒவ்வொரு நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான, முறையான அதிகாரம், இது குடியுரிமை பற்றிய சட்டமேயன்றி ஒரு சமூகத்தின் மீது போட்ட தடையன்று, விண்ணப்பிக்க ஒரு வழியும் திறந்துதானே இருக்கிறது! பரிந்துரைத்தவர் இலண்டன்காரர், அது பொருந்தாது என்று சொன்னவர்களும் இலண்டன்காரர்கள். பிரபுவின் வேலி இருந்த இடத்திலேயே இருந்தது; நீதிபதிகள் அதைச் சுற்றி ஒரு பாதை காட்டினார்கள்.

பாதை எது? சட்டத்தில் தமிழன் என்ற சொல் இல்லை. தோட்டத் தொழிலாளி என்ற சொல் இல்லை. தந்தை பிறந்த இடம் என்ற சொல் மட்டும் இருந்தது. எல்லோர்க்கும் ஒரே விதி! வடமொழியில் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் மருத்துவக் கல்லூரிக்கு வரலாம் என்று ஒரு காலத்தில் இங்கே விதி இருந்ததே, அதுவும் எல்லோர்க்கும் ஒரே விதிதான். யாரை வெளியே நிறுத்த விதி எழுதப்பட்டது என்பதை விதியின் எழுத்தில் தேடினால் கிடைக்காது; அது வெளியே நிற்பவர்களின் முகத்திலே கிடைக்கும்.

சரி, பிரபு 1963-இல் ஆசைப்பட்டபடி அடிப்படை உரிமைகள் பொறிக்கப்பட்டிருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா? இந்தியாவைச் சுட்டிக் காட்டினாரே, இந்தியாவையே பார்ப்போம். 1950 சனவரியில் அடிப்படை உரிமைகள் நடைமுறைக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் அவை சாய்த்த முதல் மரங்களில் ஒன்று வகுப்புரிமை அரசாணை! செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம், சமத்துவம் என்ற அதே அழகிய சொல்லைக் கொண்டு, பின்தங்கியோர்க்குக் கிடைத்துவந்த பங்கை வெட்டியது. மீட்டது எது? தெருவில் திரண்ட மக்கள். அந்தத் திரளைக் கண்டு டில்லி கொண்டுவந்த முதல் திருத்தம். உரிமைச் சாசனம் நல்லதுதான். ஆனால் அது கத்தி. யார் கை பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் மக்கள் கிளர்ந்தெழ முடிந்தது, ஏனெனில் அவர்கள் வாக்காளர்கள். அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பார்கள் என்று ஆள்வோர் அஞ்சினார்கள். மலையகத்தானிடம் அந்த ஒன்றைத்தான் முதலில் பறித்தார்கள். 1952-இல் தொழிலாளர்கள் தம் தலைவர்களோடு சத்தியாக்கிரகம் இருந்தபோது, வாக்கில்லாதவனின் பட்டினிக்கு எந்த மந்திரி அஞ்சுவான்?

இங்கேதான் பிரபுவின் தவறு எதுவென்று தெளிகிறது. உரிமைகளை எழுதாதது இரண்டாவது தவறு. முதல் தவறு, இந்நாட்டின் குடிகள் யார் என்று எழுதாதது! இந்திய அரசியல் சட்டம் 5-ஆம் பிரிவு தொடங்கிக் குடிமகன் யார் என்று தானே சொல்லிவிட்டது: இம்மண்ணில் குடியிருந்து, இங்கே பிறந்தவன், பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்தவன், அல்லது ஐந்தாண்டு இங்கே வாழ்ந்தவன். சோல்பரிச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அன்று எல்லோரும் மன்னரின் குடிகள்; அது போதும் என்று விட்டுவிட்டார். குடியேற்றமும் வாக்குரிமையும் உள்நாட்டாரே முடிவு செய்துகொள்ள வேண்டியவை என்பதே குழுவின் போக்கு. மறதியா, அல்லது கைகழுவலா? சேனநாயகாவோடு இணக்கமாகப் போக வேண்டும், திருகோணமலைத் துறைமுகம் கையில் இருக்க வேண்டும், தேயிலைக் கம்பெனிகளின் பங்கு ஈவு குறையாமல் வர வேண்டும் என்பவை இலண்டனின் கவலைகளாக இருந்த காலம் அது. அந்தத் தேயிலையைப் பறித்த கைகளைப் பற்றிய கவலை கடைசி வரியிலும் இடம் பெறவில்லை.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். 5-ஆம் பிரிவு எழுதிய நம் அரசியல் சட்டமே 11-ஆம் பிரிவில் குடியுரிமை பற்றி எதையும் பாராளுமன்றம் சட்டமாக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது, பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த, முஸ்லிம் அல்லாதவர்க்குக் கதவு திறந்தது, இலங்கைக்குத் திறக்கவில்லை. 1948-இல் கொழும்பு, பாட்டன் பிறந்த ஊரைக் கேட்டது. 2019-இல் டில்லி, கும்பிடும் கடவுளைக் கேட்டது.

கடவுள் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சற்றே விலகிச் சொல்லிவிடுகிறோம். பிரபுவின் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்போதம் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் அடியாராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு வாழ்ந்தார். தந்தை தமிழனுக்கு வாக்கைக் காத்துக் கொடுக்கவில்லை; மகன் தமிழனிடமிருந்து வீடுபேறு வாங்கிக்கொண்டு போனார்! ஆன்மீக வாணிகத்தில்கூட நம்மவர் ஏற்றுமதிதான் செய்திருக்கிறார்கள், இறக்குமதி இல்லை.

பின்கதையை விரைந்து சொல்லலாம். பொன்னம்பலத்தைப் பிரிந்த செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சி கண்டார். இன்று மலையகத்தானுக்கு வந்தது நாளை நமக்கு வரும் என்று அவர் கண்டது 1956-இல் சிங்களம் மட்டும் சட்டமாக வந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாக வெட்டினார்கள். சந்தையில் மாட்டை விற்கும்போதுகூட மாட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். இவர்களை ஒரு சொல் கேட்டவர் இல்லை. 1972-இல் வந்த புதிய அரசியல் சட்டம் 29-ஆம் பிரிவையே துடைத்தெறிந்தது. அதை வகுத்த மந்திரி யார் தெரியுமா? 1948-இல் தோட்டத் தொழிலாளிக்காக முழங்கிய அதே கொல்வின் ஆர். டி சில்வா! எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது ஒளிரும் கொள்கை ஆளும் வரிசைக்கு வந்ததும் ஏன் மங்கிவிடுகிறது என்ற கேள்வி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அங்கே நாடற்றவர் நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003-இல்தான்.

அங்கே முடிந்தது, இங்கே முடிந்ததா? 1983-க்குப் பின் உயிர் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களில் மலையக வழியினர் பல்லாயிரவர். நம் மாவட்டம் உட்படத் தமிழ்நாடெங்கும் முகாம்களில் அவர்கள் வாழ்கிறார்கள். பாட்டன் இங்கிருந்து போனவன். பேரன் அங்கிருந்து வந்தவன். சட்டத்தின் கண்ணில் பாட்டன் ஊர் பேரனுக்கு அந்நிய நாடு. 2019 சூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையோர் குடியுரிமை கோரி விண்ணப்பித்தால் சட்டவிரோதமாய் வந்தவர் என்று ஒதுக்காமல் பரிவோடு ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நன்று. பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்பவனின் கையில் தாள் ஒன்று வந்தால் இன்னும் நன்று.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம்மவரிடம் ஒன்று கேட்காமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். இராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போகும் தோழர்களே! ஆலைக் கதவுகளில் இறங்கும் ஒரியாக்காரனையும் பீகாரியையும் பார்த்து நம் இளைஞர்கள் சிலர் வீசும் சொற்கள் நம் காதிலும் விழுகின்றன. எங்கிருந்தோ வந்தான், கூலியைக் குறைத்தான், வாக்கும் கேட்பான் என்கிறார்கள். 1940-களில் கண்டிச் சீமையில் பேசப்பட்டதும் ஏறக்குறைய இதுதான். அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, முதலாளி குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பதை எதிர்ப்பது வேறு, தகரக் கொட்டகையில் எட்டுப் பேராய்ப் படுத்திருக்கும் கூலிக்காரனை வெறுப்பது வேறு. முதல் இரண்டும் நம் கொள்கை. மூன்றாவது சேனநாயகாவின் கொள்கை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தக்காளிக் கூடையின் மீது ஏலம் கூறப்படும் நம் ஊரில், உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல முடியாமல் திணறுவோரில் நம் வீட்டாரும் இருப்பர்.

நாம் பாடம் நடத்தும் வகுப்பில் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி உண்டு. உதவித்தொகைக்கான தாளை நிரப்பிக்கொண்டிருந்தவள் ஒரு கட்டத்தில் எழுதுகோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நாட்டினம் என்ற கட்டம். அவள் பிறந்தது இந்த மாவட்டத்து மருத்துவமனையில். தாய் பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டத்தில். கொள்ளுப்பாட்டி கப்பலேறியது சேலம் மாவட்டத்திலிருந்து என்று வீட்டில் சொல்வார்களாம். எதை எழுதட்டும் ஐயா என்று கேட்டாள். அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரித்தோம், அவர்கள் மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மற்றக் கட்டங்களையெல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பி, அந்த ஒன்றை மட்டும் வெறுமையாய் விட்டுத் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.